என் பேத்தியும் மருமகளுமான பிரகதீஸ்வரிக்கு விசா கிடைக்காத விவரம்

நன்னிலம்,
ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை.

திருக்காட்டுப்பள்ளி உரக்கடை முதலாளியும், என் ஒரே மகள் ஜெயபாரதியின் கணவரும், என் ஒரே மருமகளின் தகப்பனாரும், அந்த வகையில் எனக்கு மாப்பிள்ளையும் சம்பந்தியும் ஒரே ஆளாக வாய்த்தவருமான திரு. ஐயாறப்பன் அவர்கள் சமுகத்திற்கு, உங்கள் மாமனாரும் சம்பந்தியுமான சிங்காரவேலு எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் அத்தை மங்களாம்பிகையும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதுவது வழக்கம். எழுத மனம் வரவில்லை. அங்கு உங்கள் நலத்துக்கும் கடை வியாபாரத்துக்கும் ரத்தக்கொதிப்புக்கும் சாமியை வேண்டிக்கொள்கிறேன். அந்தக் கொதிப்பு இப்போது ஏறியிருப்பதற்குக் காரணம் நான்தான் என்று ஜெயபாரதி சொன்னாள். என் மகள் பொய் சொல்ல மாட்டாள்.

போன் இருக்கிற காலத்தில் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். என் நம்பரை நீங்கள் பிளாக் பண்ணிவிட்டீர்கள். அத்தை நம்பரையும் பண்ணிவிட்டீர்கள். பக்கத்து வீட்டு போனிலிருந்து அடித்தேன். "யாரு?" என்றீர்கள். "மாப்பிள்ளை..." என்றேன். அவ்வளவுதான், வைத்துவிட்டீர்கள். தபால்காரரை உங்களால் பிளாக் பண்ண முடியாது என்பதால் இது. உர லாரி டிரைவரிடம் நீங்கள் சொல்லியனுப்பிய சேதி வந்து சேர்ந்தது. "வெள்ளிக்கிழமை வந்து எம் பொண்ண அழைச்சுக்கிட்டுப் போயிடுவேன், அதுக்கப்புறம் அந்த வீட்டு வாசப்படிய நானும் மிதிக்க மாட்டேன், எம் பொண்டாட்டியும் மிதிக்க மாட்டா" என்று, பாவம், அந்த மனுஷன் என் முகத்தைப் பார்க்காமல் கொய்யா மரத்தைப் பார்த்துக்கொண்டே ஒப்பித்தான். மாப்பிள்ளை, ஊரில் சம்பந்தம் முறிந்தால் ஒரு உறவு போகும். நம்ம வீட்டில் முறிந்தால் எனக்கு மகள் போகிறாள், பேத்தி போகிறாள், மருமகள் போகிறாள், நீங்களும் போகிறீர்கள். அப்புறம் எங்கள் இரண்டு பேருக்கும் யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள். அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். படித்துவிட்டுத் திட்டுங்கள், ஆனால் படித்துவிடுங்கள்.

என் மகன் பிரபு நியூசிலாந்தில் பால்பவுடர் கம்பெனியில் பாய்லர் பார்ப்பது உங்களுக்குத் தெரியும். அவன் பர்மிட் அந்த ஒரு கம்பெனிக்கு மட்டும்தான். நடுவில் விட்டுவிட்டு வந்தால் திரும்பப் போக முடியாது. பெண்டாட்டியை அழைக்க வேண்டும் என்றால் அவளுக்குத் தனியாக ஒரு விசா வேண்டும். கல்யாணத்துக்கு மூன்று வாரம் லீவில் வந்தான், தாலி கட்டினான், மறுவீடு விருந்து சாப்பிட்டான், போய்விட்டான். அதற்கப்புறம் இரண்டு சம்பா அறுத்தாயிற்று. பிரகதீஸ்வரி அவனை போனில்தான் பார்க்கிறாள். இவள் ராத்திரி சாப்பிடும்போது அங்கே அவன் தூங்கிக்கொண்டிருக்கிறான். இப்படி ஒரு குடித்தனம். போதாக்குறைக்கு உங்கள் அத்தை குளிர் நாடு என்று கேள்விப்பட்டு, பெட்டியில் ஸ்வெட்டரையும் மோர் மிளகாயையும் ஒன்றாக வைத்தாள். ஸ்வெட்டரை எடுத்தால் தும்மல் வருகிறது.

சரி என்று தஞ்சாவூரில் ஒரு ஏஜெண்டைப் பிடித்தோம். அவன் முதலில் கல்யாண போட்டோ கேட்டான். இது நிஜக் கல்யாணம்தானா என்று அவர்கள் பார்ப்பார்களாம். இருக்கிற போட்டோவை எல்லாம் கொடுத்தேன். ஒவ்வொன்றின் பின்னாலும் இதில் யார் யார் என்று எழுதச் சொன்னான். எழுதினேன். நமக்கு என்ன ஒளிவு மறைவு? முகூர்த்த போட்டோவில், மணமகனின் அக்கா நாத்தனார் முடிச்சுப் போடுகிறார் என்று எழுதினேன். அடுத்த போட்டோவில், மணமகளின் தாயார் கண் கலங்குகிறார் என்று எழுதினேன். ஏஜெண்ட் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். அதே அரக்குப் பட்டு, அதே ஒட்டியாணம், அதே ஜெயபாரதி. "ஐயா, இந்தம்மா யாரு?" என்றான். "ரெண்டும் எம் பொண்ணுதான் தம்பி. பையனுக்குக் கூடப்பிறந்தது இவ ஒருத்திதானே, நாத்தனார் முடிச்சுக்கு வேற ஆளுக்கு எங்க போறது? பொண்ணுக்குத் தாயாரும் இவதான். முடிச்சும் போட்டா, அழுகையும் போட்டா" என்று பெருமையாகச் சொன்னேன். அவனுக்கு வேர்த்துவிட்டது. மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டு, "ஐயா, அக்கா பொண்ணக் கட்டுறத அந்த ஊர்ல ஒத்துக்க மாட்டாங்க. அவங்க சட்டத்துல இது கல்யாணமே இல்ல" என்றான். மாப்பிள்ளை, கல்யாணமே இல்லையாம்! நன்னிலம் மண்டபத்தில் மூன்று பந்தி நடந்தது, ரசம் பத்தாமல் உங்கள் பங்காளி ஒருத்தர் இன்றைக்கும் என்னோடு பேசுவதில்லை, அப்புறமும் அது கல்யாணம் இல்லையாம். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். நானும் பேராசைப்பட்டேன். "அவங்க அதையெல்லாம் தோண்டிப் பாக்க மாட்டாங்க, வாய மட்டும் கட்டிக்குங்க" என்று ஏஜெண்ட் சொன்னதை நம்பினேன். முடிச்சுப் போடுகிற போட்டோவில் ஜெயபாரதியைக் கழுத்தோடு வெட்டிவிட்டான், இரண்டு கை மட்டும் மிச்சம். அந்தக் கோபத்தில்தான் என் மகள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. "தம்பி கல்யாணத்துல எந்தலைய எடுத்துட்டீங்களேப்பா" என்று அழுதது உங்களுக்கும் தெரியும்.

அதற்கப்புறம் ஒத்திகை. ஏஜெண்ட் வீட்டுக்கே வந்து கூடத்தில் உட்கார்ந்துகொண்டு அதிகாரி மாதிரி கேள்வி கேட்பான், நாங்கள் பதில் சொல்ல வேண்டும். "உங்க கணவரை முதல் முதல்ல எங்க பாத்தீங்க?" பிரகதீஸ்வரி யோசிக்காமல், "ஆஸ்பத்திரியில" என்றாள். உண்மைதானே? இவள் பிறந்த அன்றைக்கு இரண்டாம் வகுப்புப் படித்த பிரபுவைக் கூட்டிக்கொண்டு போய், குழந்தையை அவன் மடியில் வைத்து, "கட்டிக்கிறியாடா?" என்று கேட்டதே நீங்கள்தான். அவன் "டவுசர் நனைஞ்சுபோச்சு" என்றான். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டோம். ஏஜெண்ட் தலையில் கை வைத்துக்கொண்டு, "குடும்ப நண்பர்கள் மூலமா அறிமுகம்னு சொல்லும்மா" என்றான். என்னை இனிமேல் தாத்தா என்று கூப்பிடக் கூடாது, மாமா என்று கூப்பிட வேண்டும் என்று உத்தரவு. அந்தப் பெண் பிறந்ததிலிருந்து தாத்தா என்று கூப்பிட்ட வாய், "தா... மாமா, காபி" என்று கொண்டுவந்து வைக்கும். எனக்கு அந்தக் காபியே இறங்காது. நியாயமாகப் பார்த்தால், மாப்பிள்ளை, இந்தச் சம்பந்தத்தைக் கேட்டது நீங்கள். "தாய்மாமன் இருக்கறப்ப எம் பொண்ண அசல்ல குடுப்பேனா?" என்று பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து, நான் சரி சொல்கிறவரைக்கும் சாப்பிட மாட்டேன் என்றவர் நீங்கள். இதைக் குத்திக்காட்டவில்லை. ஞாபகப்படுத்துகிறேன், அவ்வளவுதான்.

இனி அந்த போன். நான் வயலில் இருந்தேன். குறுவைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த நேரம், மடையில் ஒரு கால், வரப்பில் ஒரு கால். விசா ஆபீசிலிருந்து தமிழ் பேசுகிற ஒரு பெண், நல்ல மரியாதையான பெண், "ஐயா, விசா விஷயமா சில விவரம் கேக்கணும், பேசலாமா?" என்றாள். பேசலாம் என்றேன். கல்யாணம் எப்போது, எங்கே, யார் யார் வந்தார்கள், எல்லாவற்றுக்கும் ஏஜெண்ட் சொல்லிக் கொடுத்த மாதிரியே சொன்னேன். ஒரு சொல் பிசகவில்லை. எனக்கே என்மேல் மதிப்பு வந்துவிட்டது. கடைசியில் அவள், "பொண்ணு வீட்டைப் பத்தி உங்களுக்கு முன்னாடியே தெரியுமாங்க? நல்லா விசாரிச்சுத்தான் முடிச்சீங்களா?" என்று கேட்டாள். மாப்பிள்ளை, இந்தக் கேள்வியை நம்ம பக்கத்து மனுஷனிடம் கேட்கலாமா? உங்கள் குடும்பத்தை நான் விசாரிக்காமல் பெண் எடுத்தேனா என்று ஒருத்தி கேட்கிறாள். சுருக்கென்றது. "விசாரிக்கிறதா? யார் வீட்ட யாரும்மா விசாரிக்கிறது? அசல்ல போயி எடுக்கிற ஆளா நான்? எம் பொண்ணு வயித்துப் பேத்திம்மா அவ! எம் மவனுக்கு சொந்த அக்கா மவ! எம் மாப்பிள்ளை மாதிரி ஒரு தங்கமான மனுஷன நீ திருக்காட்டுப்பள்ளி பூரா தேடினாலும் பாக்க முடியாது!" என்று வரப்பதிர முழங்கிவிட்டேன். உங்கள் மானத்தைக் காப்பாற்றத்தான் பேசினேன். அதோடு விட்டேனா? உங்கள் தாத்தா வரைக்கும் வம்சம் சொன்னேன். ஊர்ப்பக்கம் வந்தால் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றேன். அவள் கம்ப்யூட்டரில் தட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம், "ரொம்ப நன்றிங்க ஐயா" என்றாள். வீட்டுக்கு வந்து, ஜமாய்த்துவிட்டேன் என்று அத்தையிடம் சொன்னேன். என்ன சொன்னீங்க என்று கேட்டாள். சொன்னேன். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தவளை தன் வாயால் கெடும். இந்தத் தவளை தன் பேத்தியையும் சேர்த்துக் கெடுத்தது.

விசா கிடையாது என்று பதில் வந்துவிட்டது. ஏஜெண்ட் போனில் கத்தினான், "எல்லாத்தையும் சொல்லிக் குடுத்தேனே ஐயா, அஞ்சாம் கிளாஸ் புள்ள மாதிரி உளறிட்டீங்களே" என்று. வாங்கிக்கொண்டேன். பிரபு வீடியோவில் வந்தான். அவனுக்குப் பின்னால் காற்று அடித்தது. "சரிப்பா" என்றான். திட்டியிருந்தால் தேவலை. பிரகதீஸ்வரி அழவும் இல்லை, என்னைக் கேட்கவும் இல்லை. பெட்டியிலிருந்த ஸ்வெட்டரை எடுத்துக் கொடியில் போட்டாள். இந்த வெயிலில் நன்னிலத்தில் ஸ்வெட்டர் காய்வதைத் தெருவே பார்த்துக்கொண்டு போகிறது. கழுத்தில் தாலி இருக்கிறது, புருஷன் இருக்கிறான், ஆனால் புருஷன் இருக்கும் ஊர் அவனைப் புருஷன் இல்லை என்கிறது. சொந்தம் விட்டுப் போகக் கூடாது, பிள்ளைகள் கண்ணெதிரே இருக்க வேண்டும் என்றுதானே இரட்டைக் கயிறாகப் போட்டுக் கட்டினோம். இப்போது அந்தக் கட்டினாலேயே அவன் ஒரு கரையிலும் இவள் ஒரு கரையிலும் நிற்கிறார்கள். வாயைத் திறந்தது நான், தண்டனை அந்தப் பெண்ணுக்கு. உங்கள் காலில் விழலாம் என்றால், நான் மாமனார், விழுந்தால் உங்களுக்குத்தான் பாவம். ஆகவே விழுந்ததாக வைத்துக்கொண்டு மன்னித்துவிடுங்கள். எல்லாம் என் தப்பு. வெள்ளிக்கிழமை வராதீர்கள் என்று சொல்ல எனக்கு முகம் இல்லை. ஆனால் பெண்ணை ஆடிக்கு அழைப்பது தலை ஆடிக்குத்தான், இது அவளுக்கு மூன்றாவது ஆடி, அழைத்துப் போனால் ஊர் வேறு மாதிரி பேசும் என்பதை மட்டும் யோசியுங்கள். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் என்னைத் தாத்தா என்று கூப்பிட ஆள் இல்லை.

ஜெயபாரதிக்கு என் ஆசீர்வாதம். மகள் என்ற முறையில் ஒன்று, சம்பந்தியம்மா என்ற முறையில் ஒரு வணக்கம். உங்கள் கடையும் காலும் கையும் குறைவின்றி இருக்க வேண்டும், மாத்திரையை வேளைக்குப் போட வேண்டும், நம்ம பிள்ளைகள் இரண்டு பேரும் எந்த ஊரிலாவது ஒரே கூரையின் கீழ் சாப்பிட வேண்டும். வேறு வேண்டுதல் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் மன்னிப்பை எதிர்பார்க்கும் மாமனாரும் குற்றம் செய்த சம்பந்தியும்,
ப. சிங்காரவேலு.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை கேட்டேன். பிரகதீஸ்வரி கொண்டுவந்தவள், "என்ன தாத்தா இவ்வளவு எழுதியிருக்கீங்க" என்று வாங்கி, நின்றபடியே முழுக்கப் படித்துவிட்டாள். படித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "தாத்தா, நீங்க ஒண்ணும் கெடுக்கல. உங்களுக்கு போன் வர்றதுக்கு முந்தின வாரமே விசா ஆபீசுல என்கிட்ட பேசிட்டாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி உங்க புருஷனுக்கு நீங்க என்ன உறவுன்னு கேட்டாங்க. ஒண்ணும் இல்லைன்னு சொல்லச் சொன்னாரு ஏஜெண்ட். எங்க அம்மாவோட தம்பின்னு சொல்லிட்டேன். அதச் சரிபாக்கத்தான் உங்கள கூப்புட்டிருக்காங்க" என்றாள். "ஏண்டி சொன்ன?" என்றேன். "போட்டோவுல அம்மா தலைய வெட்டினாங்க, பாத்துக்கிட்டு இருந்தேன். உங்கள தாத்தான்னு கூப்புடாதன்னாங்க, அதுவும் செஞ்சு பாத்தேன். அங்க போயும் எங்கம்மா அவருக்கு யாரோன்னு சொல்லிக்கிட்டே இருக்கணுமாம், போன்ல பேசறப்பக்கூட. எத்தன வருஷம் தாத்தா? எனக்கு வாய் வரல" என்றாள். ஆகவே மாப்பிள்ளை, மேலே நான் கேட்ட மன்னிப்பு அத்தனையையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். உண்மை பேசியது உங்கள் பெண், வளர்த்தது நீங்கள். திட்டுவதாக இருந்தால் வெள்ளிக்கிழமை நேரில் வந்து அவளைத் திட்டிவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போங்கள். உங்களோடு திருக்காட்டுப்பள்ளிக்கு வர மாட்டேன் என்று சொல்லச் சொன்னாள். பிரபுவுக்கு இது தெரியுமா என்று கேட்டேன். அன்றைக்கே அவனிடம் சொல்லிவிட்டாளாம். "என்னடி சொன்னான்?" என்றேன். "ஒண்ணும் சொல்லல தாத்தா. போனையும் வைக்கல" என்றாள். அப்படியானால் பர்மிட்டும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், புறப்பட்டு வாடா என்று நான் ஒரு வார்த்தை சொல்லட்டுமா என்றேன். "நீங்க சொல்லாதீங்க. நான் என் வாயால உண்மைய சொன்ன மாதிரி, அவரும் அவரா வரணும்" என்று சொல்லிவிட்டு, பசையை என் கையில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.