மனைவிக்காகக் குடித்த பாசிச் சூப்

வீட்டுச் சாவி அரிசி டப்பாவுக்குள் அகப்பட்ட அன்றுதான் மான்சொக் அந்த முடிவுக்கு வந்தார். பெண்டாட்டிக்கு மூளை கலங்குகிறது. அவர்தான் காப்பாற்றியாக வேண்டும். நாற்பது வருஷம் கிஜாங் துறைமுகத்தில் படகு எஞ்சின்களைப் பிரித்து மாட்டியவர். செத்துப்போன எஞ்சின்கூட அவர் கை பட்டால் இருமிக்கொண்டு எழுந்துவிடும். ஒரு பெண்டாட்டியின் தலை எம்மாத்திரம்?

"சாவிய யாருடி அரிசிக்குள்ள போட்டது?"

மனைவி ஓக்சிம் அவர் முகத்தைப் பார்த்தாள். "நான்தான் போட்டிருப்பேன்."

"முந்தாநாள் கெட்டில் கருகிச்சே?"

"அதுவும் நான்தான்."

"குழாயத் திறந்து விட்டது?"

"நான்தாங்க. வயசாகுதுல்ல."

இவ்வளவு சுலபமாகக் குற்றத்தை ஒப்புக்கொள்கிற மனைவியை அவர் நாற்பத்தைந்து வருஷத்தில் கண்டதில்லை. வியாதி முற்றியதற்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? வெளியே மூன்று நாளாக விடாத மழை. அறுத்துப் போட்ட கடற்பாசி காய வழியில்லாமல் தெரு முழுக்கத் தார்ப்பாய்க்கடியில் புழுங்கிக்கொண்டிருந்தது.

அன்று டிவியில் ஒரு ஆராய்ச்சியாளர் பேசினார். கடற்பாசியில் ஏதோ சத்து இருக்கிறதாம். மறதி நோயில் மூளைக்குள் படிகிற கசடை அது தடுக்கக்கூடுமாம். எலிகளிடம் பலன் தெரிந்திருக்கிறது, மனிதர்களிடம் இன்னும் உறுதியாகவில்லை என்று அவர் இழுப்பதற்குள் மான்சொக் டிவியை அணைத்துவிட்டார். கசடு என்ற சொல்லே அவருக்குப் போதும். எஞ்சினில் எத்தனை கசடு பார்த்திருப்பார்!

"இனிமே மூணு வேளையும் பாசிச் சூப். நீ குடிக்கிற."

"ஐயோ! முப்பது வருஷம் களத்துல பாசி காயப்போட்டவ நான். அந்த நாத்தம் தோல்லயே ஏறிப்போச்சு. நீங்களும் குடிச்சா குடிக்கிறேன்."

"எனக்கு எதுக்குடி? என் தலைக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. எனக்குத் துணைக்கு."

பாசிச் சூப் என்றாலே மான்சொக்குக்குக் குமட்டும். பிறந்தநாளன்று ஊரே வழக்கமாகக் குடிக்கிற பாசிச் சூப்பையே ஒரு கரண்டியோடு தள்ளிவிடுகிற ஆள். இருந்தாலும் தியாகி ஆகிவிட்டார். காலையில் மட்டி போட்டது, மதியம் மாட்டுக்கறி போட்டது, சாயங்காலம் வெறும் எள்ளெண்ணெய் விட்டது. அவர் கிண்ணம் மட்டும் எப்போதும் தளும்பும். அவள் கிண்ணத்தில் நாலு இழை மிதக்கும். கேட்டால், "அடியில கிடக்குங்க" என்பாள்.

மூன்றாவது வாரம் சுகாதார நிலையத்தில் ஞாபகச் சோதனைக்கு நாள் குறித்துச் சீட்டு வாங்கி வந்தாள்.

"தனியாப் போகப் பயமா இருக்கு. நீங்களும் பக்கத்துல உக்காந்து எழுதுங்க."

சோதனை நாள் காலையில் மான்சொக் சூப்புக்குத் தடை போட்டார். "பரீட்சைக்குப் போறப்ப யாராவது பாசி குடிப்பாங்களா? படிச்சதெல்லாம் வழுக்கிட்டுப் போயிரும்." மூன்று வாரத்தில் அன்றுதான் அவருக்குச் சாப்பாடு ருசித்தது.

பஸ்ஸில் திட்டத்தை விளக்கினார். "பதில் வரலேன்னா என்னைப் பாரு. நான் சைகை காட்டுறேன்." ஓக்சிம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஜன்னலில் வழிகிற மழையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

நர்ஸ் சின்னப் பெண். "குடை, பேரிக்காய், ரயில். கொஞ்சம் கழிச்சுக் கேப்பேன், ஞாபகம் வெச்சுக்குங்க," என்றாள். பிறகு என்ன கிழமை என்று கேட்டாள். கடிகாரம் வரையச் சொன்னாள். மான்சொக் வரைந்த கடிகாரத்தில் பன்னிரண்டு எண்களும் மழைக்கு ஒதுங்கியவை போல ஒரே பக்கமாக நெருக்கியடித்து நின்றன.

"இப்ப அந்த மூணு வார்த்தை?"

ஓக்சிம் அவரைப் பார்த்தாள். அவர் சைகை காட்டக் கையைத் தூக்கினார். எதைக் காட்டுவது? மூன்று இருந்தது தெரியும். அவை இருந்த இடம் துடைத்துவிட்டது போல இருந்தது. தூக்கிய கை அப்படியே நின்றது.

"நீங்க சொல்லுங்க ஐயா," என்றாள் நர்ஸ், மெதுவாக.

"சோதனை அவளுக்குத்தானேம்மா?"

"இல்லீங்க ஐயா. பதிவு உங்க பேர்லதான்."

பக்கத்தில் ஓக்சிமின் உதடு மட்டும் 'பேரிக்காய்' என்று அசைந்தது. எழுபத்தோரு வயதில் காப்பி அடிப்பதாவது என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் மூளையைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். சூப் குடிக்கலாம், ஆனால் சூப்பை மருந்தென்று நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது என்றார்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் மான்சொக் அவளுக்கு முன்னால் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தார். வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றார்.

"அப்ப அதெல்லாம் பண்ணது நான்தானா?"

"ஆமாங்க."

"பின்ன எதுக்குடி உன் தலையில போட்டுக்கிட்ட?"

"உங்களுக்குன்னு சொன்னா வந்திருப்பீங்களா? ஒரு வாய் குடிச்சிருப்பீங்களா?"

 உள்ளே எழுந்தது கோபமா, பயமா என்று அவருக்கே தெரியவில்லை. கோபம்தான் கைக்கு அருகில் இருந்தது.

"கட்டின புருஷனையே ஏமாத்திட்டியேடி! ஆனா மான்சொக்கை ரொம்ப நாள் ஏமாத்த முடியாது. கண்டுபிடிச்சிட்டேன் பாத்தியா!"

ஓக்சிம் குனிந்து அவர் செருப்பைக் கழற்றிவிட்டாள்.

"ஆமாங்க. போன செவ்வாக்கிழமை உங்க பேர் போட்ட அந்தச் சோதனைச் சீட்டப் பாத்துக் கண்டுபிடிச்சப்பவும், இதே வாசல்ல நின்னு, இதையேதான் சொன்னீங்க."