பாகூர் ஏரியை நான் எழுதிக்கொடுத்த கதை

அழகான கையெழுத்தை நான் நம்புவதில்லை. என் எழுத்து கோழி கிளறியது போல இருப்பதால் வந்த பொறாமை என்று என் மனைவி கனகம் சொல்வாள். (பொறாமையும் கொஞ்சம் உண்டு.) ஆனால் பாகூர் ஏரியை அழகான கையெழுத்தில் அடுத்தவருக்கு எழுதிக்கொடுத்துவிட்டு வந்தவன் நான். எனக்குப் பேச உரிமை இருக்கிறது.

அப்போது பிரெஞ்சுக்காரர் ஆட்சி. நான் பாகூரில் தற்காலிக வாத்தியார். இருபத்து நாலு வயது, வயதுக்கு மீறிய மீசை, மீசைக்கு மீறிய தலைக்கனம். ஒருநாள் பள்ளி இன்ஸ்பெக்டர் வந்து, ஏனாமில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, என்னை அங்கே மாற்றப் போகிறார்கள் என்றார். ஏனாம் எங்கேயோ தெலுங்கு தேசத்தில் கிடக்கிறது. கனகத்துக்கு அப்போது ஆறு மாதம். என் முகம் போன போக்கைப் பார்த்து அவரே இரங்கி, "பட்டணத்தில் இருக்கும் ஆராய்ச்சிச் சபையின் இதழில் உமது கட்டுரை ஒன்று வரட்டும். இவர் இங்கேயே தேவை என்று நான் எழுதிவிடுகிறேன். மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும்" என்றார்.

பாகூர் ஏரித் தண்ணீரை ஊர்க்காரர்கள் எப்படிப் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்று எழுதுவதாக முடிவு செய்தேன். எந்த மதகு எப்போது திறக்கும், எந்த வாய்க்காலுக்கு முதல் முறை என்பதெல்லாம் எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. பதினாலு விவசாயிகள் என்னைக் கரைமேல் நடத்திக் கூட்டிப்போய், பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். நான் பிரெஞ்சில் பதினோரு பக்கம் எழுதினேன். 'நான் கண்டறிந்தேன்' என்பது பக்கத்துக்கு இரண்டு தடவை வந்தது. அந்தப் பதினாலு பேரில் ஒருவர் பெயர்கூட வரவில்லை. ஏரியையே நான்தான் வெட்டினேன் என்பது போல ஒரு தொனி.

சபைக்குத் தெளிவான நகல் வேண்டும். என் கோழி அதற்கு உதவாது. வில்லியனூரில் இருந்த என் மாமனார் பத்திரம் எழுதிப் பதியும் ஒரு நொத்தேரிடம் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரின் கிரயப் பத்திரம், தானப் பத்திரம் எல்லாம் அவர் கையால்தான் எழுதப்படும். அவர் எழுத்துக்கு முன் அச்சு வெட்கப்படும். கேட்டதுமே பேனா, மை, சிவப்பு அரக்கு சகிதம் வந்து இறங்கினார்.

மறுநாள் முதல் பக்கத்தைப் பார்த்தேன். 'கீழ்க்கண்ட சாட்சிகள் முன்னிலையில் ஆஜராகி, பூரண புத்தி சுவாதீனத்துடன், பிறர் வற்புறுத்தலின்றி' நான் சொல்வதாகக் கட்டுரை ஆரம்பித்திருந்தது.

"மாமா, இது கட்டுரை. பத்திரம் இல்ல."

"இருக்கட்டும் மாப்ள. நீங்க பாட்டுக்குச் சொன்னா எவன் நம்புவான்? சாட்சி வேணும்ல."

மாமனாரிடம் எதிர்த்துப் பேசும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. அதைவிட உண்மையான காரணம், அந்த எழுத்தில் என் பெயர் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. பூரித்துப்போய் வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினாலு பேரையும் பள்ளிக்கூடத்துக்கு வரவழைத்தார். அவர்களில் ஏழுமலை மட்டும் வாசலிலேயே நின்றார்.

"இன்னா வாத்யாரே, கையெழுத்துப் போட்டா வரி கிரி ஏதும் வருமா?"

"ஒண்ணும் வராதுப்பா. நீ சொன்னத நீதான் சொன்னேன்னு ஆவும், அவ்ளோதான்" என்றார் மாமா.

எல்லாரும் போட்டு முடித்த பிறகு, மாமா வாய்விட்டுப் படித்துத் தமிழில் சொன்னதைக் கேட்ட முனுசாமி, "மூணாவது மதகுன்றீங்க. அது நாலாவது" என்றார். ஒரு வார்த்தையை அடித்தால் ஓரத்தில் 'ஒரு வார்த்தை செல்லாது' என்று எழுதி, சம்பந்தப்பட்ட அத்தனை பேரும் மறுபடி கையெழுத்து வைக்க வேண்டும். அதுதான் நொத்தேர் முறை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போன இரண்டு பேரைத் திரும்பக் கூப்பிட்டு வந்தோம். முனுசாமி விடவில்லை, இன்னும் ஆறு தப்பு கண்டுபிடித்தார். சாயங்காலத்துக்குள் என் கட்டுரையின் ஓரமெல்லாம் கட்டைவிரல் ரேகை. எல்லாரும் போன பிறகு மாமா கடைசிப் பக்கத்தை எழுதிச் சேர்க்க, பதினோரு பக்கம் முப்பது பக்கமாகி, அரக்கு முத்திரையோடு என் கைக்கு வந்தது. கடைசிப் பக்கத்தில் என் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். இருந்தது.

பிரெஞ்சுக்காரர் ஊர்கள் துண்டு துண்டாகக் கிடந்ததால், பட்டணத்துக்குப் போகும் வழியில் இங்கிலீஷ்காரன் எல்லை குறுக்கிடும். சுங்கச் சாவடிச் சேவகர் அரக்கைப் பார்த்ததும் எழுந்து நின்று வழிவிட்டார். எனக்கு மீசை தானாக முறுக்கிக்கொண்டது.

சபையின் காரியதரிசி ஒரு வயதான பிரெஞ்சுக்காரர். முதல் பக்கத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். ஆராய்ச்சியின் ஆழத்தில் அசந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். கடைசிப் பக்கத்தில் வெகு நேரம் நின்று, பிறகு எனக்கே வாசித்துக் காட்டினார்.

"'மேற்படி ஏரி, அதன் மதகுகள், வாய்க்கால்கள், அதிலுள்ள நீரும் மீனும் உட்பட, எவ்வித வில்லங்கமும் இன்றி, இன்று முதல் மேற்படி சபைக்குச் சுவாதீனம் செய்துகொடுக்கப்பட்டன.'"

நான் நன்றி சொல்லி ஒரே வரியில் முடித்திருந்த இடத்தில் மாமாவின் கை முப்பது வருஷப் பழக்கத்தில் ஓடியிருக்கிறது.

"முசியே, எங்கள் சபைக்கு மாடியில் இரண்டு அறைகள்தான். ஏரியை எங்கே வைத்துக்கொள்வது?" என்றார் காரியதரிசி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பக்கம் வயிற்றுப் பிள்ளையோடு ஏனாமில் போய் இறங்கும் கனகம், இன்னொரு பக்கம் மண்வெட்டியோடு பதினாலு பேர். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதும் என்னை விட்டுப் போய்விட்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த மனிதர் என்னை உட்கார வைத்துக் காப்பி வரவழைத்தார். கடைசிப் பக்கத்தை உருவி என்னிடமே கொடுத்தார். "இந்தச் சாட்சிகள் யார்?" என்று கேட்டார். ஒவ்வொருவரையும் பற்றிச் சொன்னேன். அவர் பென்சிலை எடுத்து, 'நான் கண்டறிந்தேன்' என்ற இடங்களை ஒவ்வொன்றாக அடித்து, 'ஏழுமலை சொன்னார்', 'முனுசாமி திருத்தினார்' என்று எழுதிக்கொண்டே போனார். அடிக்கும்போதெல்லாம் ஓரத்தில் கையெழுத்து வேண்டுமா என்பது போல என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எத்தனையோ கட்டுரை பார்த்துவிட்டேன். யார் சொன்னது என்று அவர்கள் கையெழுத்தோடு கொண்டுவந்தவர் நீர் ஒருவர்தான்" என்றார். அது என் யோசனை இல்லை என்று சொல்லும் நேர்மை அன்று எனக்கு எப்படியோ வந்தது. அவருக்கு நான் பட்ட கடன் இந்த ஜென்மத்தில் தீராது. மாமாவுக்கும்தான். அவர் மட்டும் என் கட்டுரையை அப்படியே நகல் எடுத்திருந்தால், அந்தப் பதினாலு பேரையும் நான் விழுங்கி ஏப்பம் விட்டிருப்பேன்.

கட்டுரை வந்தது. ஏனாம் ரத்தானது. மகள் வில்லியனூரில் பிறந்தாள். மாமாவிடம் அந்தக் கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். "ஒப்படைப்பு இல்லாத பத்திரம் மொட்டையா இருக்கும் மாப்ள" என்று சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டார்.

இதழை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய், பதினாலு பேர் பெயரையும் உரக்க வாசித்தேன். முனுசாமி தன் பெயரை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். அந்தச் சந்தோஷத்தில் அடிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில், ஏரியை எழுதிக்கொடுத்ததையும் திருப்பி வாங்கி வந்ததையும் ஒப்புக்கொண்டேன்.

"அப்போ தூர் வார்ற வேலையும் அவங்களுதுதானே?" என்றார் முனுசாமி. "குடுத்துட்டு வந்திருக்கலாம்ல, வாத்யாரே. ஏன் திருப்பி வாங்கினு வந்த?"

ஏரியைத் திருப்பி வாங்கி வந்தவன்தான் முதல் கூடை மண் சுமக்க வேண்டும் என்று அங்கேயே முடிவானது. அன்றிலிருந்து கோடையில் தூர் வாரும்போதெல்லாம் ஆள் அனுப்பிவிடுவார்கள். "ஏரிக்காரரே, கூப்புடறாங்க" என்று கனகமும் துண்டை எடுத்துக் கொடுத்துவிடுவாள். போன சித்திரையிலும் சுமந்தேன். கூடையில் பாதிதான் மண் போட்டார்கள். எனக்கு வயதாகிவிட்டதாம்.