நீல விரல் கொண்ட பறவை

1986ஆம் ஆண்டு பிப்ரவரி 3, திங்கட்கிழமை, காலை ஏழு மணி. திண்டிவனத்தில் தம் வீட்டுக் கூடத்தில், சென்னைக்கு அனுப்பிக் கழுவி வந்த ஆறு கலர் படங்களைப் பாயில் வரிசையாகப் பரப்பி, அவற்றின்முன் குணபத்திரன் மண்டியிட்டிருந்தார். படங்களை எடுத்துப் பதினெட்டு நாள் ஆகியிருந்தன. எடுத்த இடம் கிடங்கல் ஏரிக்கரை. ஆறிலும் ஒரே பறவை. உடல் வெள்ளை, அலகு மஞ்சள், கால் கறுப்பு. ஆனால் கால்விரல்கள் நீலம், மார்பின் இடப்புறம் ஒரு சிவப்புக் கீற்று.

“உண்ணிக்கொக்கு மாதிரி இருக்குதுங்க,” என்றாள் மனைவி அனந்தமதி, தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து.

“மாதிரின்றது அடையாளம் இல்ல. புத்தகத்துல விரல் கறுப்புன்னு போட்டிருக்குது. இது நீலம். அப்ப இது அது இல்ல.”

“சேத்துல கீத்துல நின்னிருக்கும்.”

“நீலச் சேறு எந்த ஊர்ல இருக்குது?”

அனந்தமதி அடுப்பைப் பார்க்கப் போனாள். குணபத்திரன் ரயிலைப் பிடிக்கப் போனார்.

விழுப்புரத்தில் ஓர் அலுவலகத்தில் அவர் தலைமை எழுத்தர். ஒன்பது ஆண்டுகளாக, திங்கட்கிழமை தோறும், அங்குள்ள அறிவிப்புப் பலகையில் ‘இவ்வாரப் பறவை’ என்று ஒரு தாள் ஒட்டி வந்தார். ஒரு வாரமும் தவறியதில்லை. ஒரு பிழையும் நேர்ந்ததில்லை. அந்தப் பலகையை வாலிபால் குழுவுக்குத் தரும்படி, குழுச் செயலாளர் தெய்வசிகாமணி நான்கு ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைய தாளில் ‘பெயர் அறியப்படாத புதிய பறவை’ என்று கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

“என்னா சார், கொக்குக்குப் பேரு தெரியலியா?”

“கொக்குன்னு நிரூபிங்க பாப்போம்.”

“புதுசுன்னு நீங்க நிரூபிங்க. கொக்குன்னு ஆயிட்டா பலகை வாலிபாலுக்கு. சரிதானே?”

பதினொரு பேர் சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். குணபத்திரன் சரியென்றார்.

அன்றே சென்னையிலுள்ள விலங்கியல் பேராசிரியர் இருதயராஜுக்கு இரண்டு படங்களை அனுப்பினார். வெள்ளிக்கிழமை அஞ்சலட்டை வந்தது. அதில் ஒரே வரி: ‘இரண்டிலும் இடப்புறமே தெரிகிறது, வலப்புறம் எப்படி?’

நியாயமான கேள்வி. சனிக்கிழமை ஏரிக்கரையில் மூன்று மணி நேரம் வெயிலில் காத்திருந்து வலப்புறத்தையும் பார்த்தார். அங்கே சிவப்பு இல்லை, சுத்தமான வெள்ளை. வேறொருவராக இருந்தால் அந்த இடத்தில் ஐயப்பட்டிருப்பார். குணபத்திரன் தந்தி அலுவலகத்துக்கு நடந்தார். ‘இடம் வேறு வலம் வேறு நிறம் கொண்ட பறவை. உடனே வரவும்.’

மறுநாள் நிலைமை இன்னும் முற்றியது. அதே கரையில் மற்றொரு பறவை நின்றது. அதற்கு விரல்கள் பச்சை. மார்பின் வலப்புறம் மஞ்சள் கீற்று. வழக்கம்போல் கண்டதையெல்லாம் தேதியிட்டு நோட்டில் குறித்துக்கொண்டார்.

“பொட்டை!” என்று மூச்சிரைக்க வீட்டுக்கு ஓடிவந்து சொன்னார்.

“ஜோடியும் சேத்தாச்சா?” என்றாள் அனந்தமதி. “வளைகாப்பு என்னிக்குன்னு சொல்லுங்க, வளையல் வாங்கியாறேன்.”

திங்கட்கிழமைத் தாளில் ‘ஆண்: நீலம், பெண்: பச்சை’ என்று ஏறிவிட்டது.

பிப்ரவரி 16, ஞாயிற்றுக்கிழமை. பேராசிரியர் தொலைநோக்கியுடன் வந்தார். தெய்வசிகாமணி விழுப்புரத்திலிருந்து பதினொரு சாட்சிகளையும், ஆளுக்கொரு புளிச்சோற்றுப் பொட்டலத்தையும் ரயிலில் கொண்டுவந்தார். அனந்தமதியும் வந்திருந்தாள். பத்து மணிக்கு மாடுகள் கரைமேல் ஏறின. அவற்றோடு இரண்டு பறவைகளும் வந்தன. பேராசிரியர் நெடுநேரம் பார்த்தார். தெய்வசிகாமணி தொலைநோக்கியை வாங்கிப் பார்த்தார். அவர் முகம் சுண்டியது.

“மெய்தான் சார். வெரலு நீலமாத்தான் இருக்குது. பலகைய நீங்களே வெச்சிக்குங்க.”

ஒன்பது ஆண்டுகளில் குணபத்திரன் இவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை. “ஆண் அது. பச்சை விரல் உள்ளது பெண்,” என்று எல்லோருக்கும் கேட்கும்படி விளக்கினார்.

மாடுகளை ஓட்டிவந்த பவுனு கோலை ஊன்றி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இன்னா சாரு, ஆணு பொண்ணுன்னு பேசிக்கினு இருக்கீங்க? இத்தினி பேரு கொக்கையே பாக்குறீங்களே, மாட்ட ஒருத்தராச்சும் பாத்தீங்களா? மாட்டுப் பொங்கலுக்கு வெள்ளச்சி கொம்புக்கு நீலம் அடிச்சி, முனைக்குச் செவப்பு வெச்சேன். செவலைக்குப் பச்சை, முனைக்கு மஞ்சா. பெயிண்டு காயறதுக்குள்ள இதுங்க ரெண்டும் ஏறிக் குந்திக்கிச்சி. பெரிய பேஜாரு, மறுபடி நான்தான் அடிச்சேன்!”

பதினைந்து தலைகள் ஒருசேர மாடுகளின் பக்கம் திரும்பின.

“அன்னிலேர்ந்து நீலக்காலு வெள்ளச்சிய வுடாது, பச்சக்காலு செவலைய வுடாது,” என்று பவுனு முடித்தாள்.

பேராசிரியர் சட்டென்று குணபத்திரனிடம் திரும்பினார். “ஒரு மாசமா ஒரே மாட்டோடவா? எந்தப் பறவை எந்த மாட்டுகிட்ட இருந்துதுன்னு தேதி போட்டு எழுதி வெச்சிருக்கீங்களா?”

“மாட்டோட நெறத்தக்கூட எழுதியிருக்கேன் சார்,” என்றார் குணபத்திரன் மெல்லிய குரலில். “கொம்பத்தான் பாக்கல.”

“அது போதும். அதுதான் எனக்குப் புதுசு. அனுப்பி வைங்க.”

புளிச்சோறு தீர்வதற்குள் பின்வருமாறு முடிவாயிற்று. பலகையின் மேற்பாதி வாலிபால் குழுவுக்கு. கீழ்ப்பாதி ‘இவ்வாரப் பறவை’க்கு. மறுநாள் திங்கட்கிழமை, பறவை உண்ணிக்கொக்கே என்ற திருத்தத்தைக் குணபத்திரன் தம் கையாலேயே எழுதி ஒட்டுவார். வாயில்லா ஜீவன்களான கொக்குகள்மேல் பெயிண்ட் படலாகாது என்று அனந்தமதி பிடிவாதமாகச் சொன்னபடியால், அடுத்த மாட்டுப் பொங்கலன்று கொம்பு காயும்வரை பவுனுவின் மாடுகளருகே நின்று கொக்கு விரட்டுவதும் குணபத்திரனே.