சீற்றில் பட்ட நீலக் கறை நீக்கப்பட்ட வரலாறு

மனிதகுலம் சாதித்த பெரிய காரியங்களை யாராவது வரிசைப்படுத்தினால், பள்ளிவாசல்துறையில் ஒரு வாகனச் சீற்றிலிருந்து நீலச் சாயக் கறை அகற்றப்பட்டதை முன் வரிசையில் வைக்க வேண்டும். மற்றவற்றுக்கு நூற்றாண்டுகள் பிடித்தன. எங்கள் நோயாளர் நலன்புரிச் சங்கம் இதை ஒன்பதே நாட்களில் முடித்தது. ஒரு நாள்கூடத் தேநீர் தவறவில்லை.

வாகனம், கட்டாரில் வேலை செய்யும் எங்கள் ஊர்ப் பிள்ளை இன்ஷாப் வாங்கித் தந்தது. வருத்தக்காரரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக. உள்ளே சீற்றெல்லாம் பால்நிறத் தோல். "இவ்வளவு வடிவான சீற்றில வருத்தக்காரர எப்படி ஏத்துற?" என்று சங்கத் தலைவர் சுஹைர் ஹாஜியார் முதல் நாளே கவலைப்பட்டார். தொலைநோக்கு என்றால் அதுதான்.

அப்போது ஏற்றுவதற்கு இருந்தவள் ஒருத்திதான்: என் பக்கத்து வீட்டு நஃபீஸா. உப்பளத்தில் வேலை. உப்புக் கட்டி காலைக் கிழித்தது. சீனி வருத்தம் புண்ணை ஆறவிடவில்லை. மூன்று நாளைக்கு ஒருமுறை புத்தளத்துக்குப் போய் மருந்து கட்ட வேண்டும். "ஒரு கட்டும் தவறக்கூடாது, விரலுக்கு ஆபத்து" என்று டொக்டர் சொல்லியிருந்தார். பஸ் படியில் அவளால் ஏற ஏலாது. அவ்வளவு தூரத்துக்கு த்ரீவீல் பிடிக்க வசதியும் இல்லை.

பெருநாளன்று வாகனத்துக்குத் திறப்பு விழா. சங்கத்தார் எல்லாருக்கும் இடுப்பில், ஒரே கடையில் எடுத்த கடும் நீலச் சாரம். எங்கள் ஊரில் பெருநாள் சாரத்துக்குத் தண்ணீர் காட்டுவதில்லை. கஞ்சி மொறுமொறுப்பும் கடை மணமும் போய்விட்டால் அது புதுசு என்று யார் நம்புவார்கள்? ஹாஜியார் முன் சீற்றில் ஏறி, வேர்க்க விறுவிறுக்க, ஊரை நாலு முறை சுற்றிவந்தார். மறுநாள் நஃபீஸா பின் சீற்றில் காலை நீட்டிக்கொண்டு மருந்து கட்டிவிட்டு வந்தாள். அதற்கு மறுநாள் முன் சீற்றில் கறை 'கண்டுபிடிக்கப்பட்டது'. நல்ல அகலமான, வசதியுள்ள கறை.

அவசரக் கூட்டம். பெண்கள் நாங்கள் திரைக்கு இந்தப் பக்கம். முகம் தெரியாது. ஆனால் ஊரில் எந்தக் குரல் யாருடையது என்பதில் எனக்கு அறுபது வருஷப் பழக்கம்.

"கடைசியா ஏறினது யாரு?" ஹாஜியாரின் குரல்.

"நஃபீஸா." செயலாளர் முஸம்மில்.

"உடுப்பு?"

"நீலச் சீத்தைப் பாவாடை."

"போதும். எழுதுங்க."

"ஹாஜியார், நான் முன்னால ஏறவே இல்ல," என்றாள் பக்கத்திலிருந்த நஃபீஸா. "காலை நீட்ட வேணும் என்டு பின்னாலதான் இருந்தன்."

"சாயம் ஊர்ற சாமான், புள்ள," என்று முஸம்மில் பொறுமையாக விளக்கினார். "பின்னால இருந்து முன்னால வந்திருக்கும்."

சங்கம் நியாயமான சங்கம். பரிசோதனை இல்லாமல் தண்டிக்காது. ஈரமான வெள்ளைத் துணியொன்று திரைக்குக் கீழால் வந்தது. நான் அதை அவளுடைய பாவாடையில் தேய்த்துத் திருப்பி அனுப்பினேன். வெள்ளையாகவே போனது.

"அமத்தித் தேயுங்க, கமறியா ராத்தா!"

"ஏழு வருஷம் உப்புத் தண்ணியில நின்ட சீத்தை, ஹாஜியார். விடுறதுக்கு அதில சாயம் எங்க இரிக்கிது? அந்தத் துணிய உங்கட சாரத்தில ஒருக்காத் தேச்சுப் பாருங்களன்."

திரைக்கு அப்பால் துணி உரசும் சத்தம். பிறகு, "யா அல்லாஹ், நீலம்!" என்று முஸம்மில் வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

உடனே தீர்மானம் நிறைவேறியது: கறை எவராலும் ஏற்பட்டதல்ல, 'தானாகத் தோன்றியது'. ஆனால் அது போகும்வரை வாகனம் வெளியே எடுக்கப்படாது. இன்ஷாப் அடிக்கடி வீடியோ கேட்பார். அவர் கண்ணில் பட்டால் சங்கத்தின் மானம் என்னாவது?

"அப்ப நாளண்டைக்கு எனக்கு மருந்து கட்டணுமே?" என்றாள் நஃபீஸா.

"கொஞ்சம் பொறுங்க, புள்ள. பொதுச் சொத்து."

"கொஞ்சம் சவர்க்காரம் தொட்டு, ஈரத் துணியால மெல்லமாத் துடைச்சா..." என்று நான் தொடங்கினேன்.

"ராத்தா, இது லெதர். சோத்துச் சட்டி இல்ல."

கறை நீக்கும் உபகுழு அமைந்தது. முதல் முயற்சி, பற்பசை. கறை போகவில்லை, சீற் மட்டும் வாய் கொப்பளித்த மாதிரி மணந்தது. அன்று நஃபீஸாவின் முதல் கட்டு தவறியது. இரண்டாம் முயற்சி, தேசிக்காயும் உப்பும். கறை இன்னும் இரண்டு பேருக்கு இடம் கொடுத்து விரிந்தது. அன்று இரண்டாம் கட்டும் தவறியது.

"மாமி, கால் மணக்கிது," என்றாள் நஃபீஸா.

மீன் லொறிக்காரரிடம் ஓடினேன். "உங்களுக்குத்தான் லெதர் சீற் வாகனம் இரிக்கிதே! என்ட நாத்த லொறியில வரப்போறீங்களா?" என்று சிரித்தார். ஹாஜியாரிடம் ஓடினேன்.

"கால் மணக்கிதாம், ஹாஜியார்."

"வாகனமும்தான் தேசிக்காய் மணக்கிது, ராத்தா. நாங்க யாருக்கிட்டப் போய்ச் சொல்ற?"

மூன்றாம் முயற்சி, பெயின்ற் கரைக்கிற தின்னர். மகத்தான வெற்றி! கறை போய்விட்டது. அதோடு தோலின் பால்நிறமும் உரிந்து போய்விட்டது. உரிந்த இடத்தில் துவாய் விரித்து, கட்டாருக்கு வீடியோ அனுப்பி, தேநீரோடு பற்றிஸும் பரிமாறினார்கள். நஃபீஸாவின் மூன்றாம் கட்டு தவறியதும் அன்றுதான்.

மறுநாள் அவளைப் பொலித்தீன் விரிப்பில் ஏற்றிக்கொண்டு போனோம். ஹாஜியாரும் கூட வந்தார். வெற்றி பெற்றவர் ஊர்வலம் வர வேண்டாமா? டொக்டர் கட்டைப் பிரித்தார்.

"மூன்று கட்டுக்கும் ஏன் வரல்ல?"

"சீற்றில ஒரு கறை இருந்திச்சு, டொக்டர்," என்றார் ஹாஜியார் அடக்கமாக. "பாடுபட்டு எடுத்திட்டம்."

டொக்டர் காலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இனி நாங்க ரெண்டு விரலை எடுக்க வேணும்," என்றார்.

எடுத்தார்கள். ஒரு கிழமை கழித்து அவளை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றார்கள். வாகனம் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தது. நஃபீஸா என் தோளைப் பிடித்துக்கொண்டு, குதிகாலில் நடந்து வந்தாள். காலில் கட்டியிருந்த வெள்ளைத் துணியில் சின்னதாய் ஒரு சிவப்பு ஊறியிருந்தது. ஹாஜியார் அதைப் பார்த்தார். திறந்த கதவைச் சாத்தினார்.

"ராத்தா, நீங்க ரெண்டு பேரும் த்ரீவீல்ல வாங்க. கூலிய சங்கம் குடுக்கும்."

"ஏன், ஹாஜியார்?"

"சாயத்த மாதிரி இல்ல, ராத்தா. இரத்தக் கறை பட்டா எதைப் போட்டாலும் போகாது."

"ஓம், ஹாஜியார். போகாது," என்றேன்.

எங்கள் சங்கம் இத்தனை நாள் செய்த ஆராய்ச்சியில் சரியாகக் கண்டுபிடித்தது அது ஒன்றைத்தான்.