ஒன்றாம் எண் வீட்டுக்குப் பன்னிரண்டு கடிதங்கள்

பல் டாக்டரின் கண்காட்சித் தாள்களில் கடைசித் தாள் மட்டும் காலியாகவே கிடந்தது. கண்காட்சிக்கு இன்னும் மூன்றே வாரம்.

அந்த மலையில் தபால்தலைக் கண்காட்சி நாற்பது வருடமாக நடக்கிறது. முதல் வருடம் பள்ளிக்கூட வகுப்பறையில் கயிறு கட்டி, துணி காயப்போடும் கிளிப்பில் மாட்டினார்களாம். இப்போது கண்ணாடிச் சட்டம், நடுவர்கள், தங்கப் பதக்கம். டாக்டருக்குக் கலந்துகொண்ட ஒன்பது தடவையும் வெள்ளிதான்.

"‘மலைத் தபால் வரலாறு’ன்னு தலைப்பு வச்சிருக்கீங்க, திரும்பி வந்த கடிதம் ஒண்ணுகூட இல்லையேன்னு நடுவர் கேட்டுட்டாருங்க!" என்று நோயாளியிடம் புலம்பினார். வாயைப் பிளந்திருந்த நோயாளி "ஆஆ" என்றார். டாக்டர் நோயாளிகளிடம்தான் தபால்தலை பேசுவார். குறுக்கே பேச மாட்டார்கள்.

வேண்டியது ஒரே ஒரு முத்திரை: ‘அப்படி யாரும் இல்லை.’ அதற்குச் சேகரிப்பாளர்கள் வழக்கமாகச் செய்கிற வேலையைத்தான் டாக்டரும் செய்தார்: திரும்பி வரட்டும் என்று, இல்லாத ஆளுக்கு ஒரு கடிதம் போட்டார். உச்சியில் முப்பது வருடமாக ஆளில்லாமல் கிடக்கும் குடியிருப்பு, ஒன்றாம் எண் வீடு, வாயில் வந்த ஒரு பெயர். உள்ளே "நலமா?" என்று ஒரு வரி.

நாலாம் நாள் பதில் வந்தது.

"நலம். குளிர்தான் தாங்கல. நான் எப்படி இங்க வந்தேன்னுதான் ஞாபகமே இல்ல."

"எவனோ விளையாடறான்," என்றார் டாக்டர்.

"ஆளே இல்லாத ஊர்ல யாருங்க விளையாடறது?" என்றாள் மனைவி.

பெயர் தற்செயலாகப் பொருந்தியிருக்கும் என்று, உட்கார்ந்து யோசித்து, அதே வீட்டுக்குப் பத்துப் புதுப் பெயர்களில் பத்துக் கடிதம் போட்டார். ஒன்றாவது திரும்பாதா என்ன!

ஒரே பதில்தான் வந்தது. அடியில் பதினோரு விதமான கையெழுத்து.

"ஐயா, இனிமே ஆள் அனுப்பாதீங்க. வீட்ல இருக்கறது ஒரே போர்வை. நீங்க கடைசியா அனுப்பின ஆளு குறட்டை வேற."

டாக்டர் கடிதத்தைச் சட்டென்று மடித்து வைத்தார். ஆனாலும் உறையை வெளிச்சத்தில் பிடித்து, "முத்திரை என்ன சுத்தமா விழுந்திருக்கு பாரேன்!" என்றார்.

"இந்த வம்பே வேண்டாம். விட்டுத் தொலைங்க," என்றாள் மனைவி.

"தங்கம் போயிடும்டி! இல்லாத ஆள் பேரைப் போட்டாத்தானே வம்பு? இருக்கற ஆள் பேரைப் போடறேன். என் பேரு! நான்தான் இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேனே, அங்க எப்படி இருப்பேன்? கண்டிப்பா திரும்பும்."

மனைவி தடுக்கத் தடுக்க, ஓடிப்போய்ப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார்.

கண்காட்சிக்கு முந்தின நாள் காலை தபால்காரரின் மணிச் சத்தம். டாக்டர் வாசலுக்குப் பாய்ந்தார். கண்காட்சிக் குழு அனுப்பிய கடிதம். மேலே கொட்டை எழுத்தில் அவர் பெயர்.

"குடுங்க, குடுங்க!" என்று கையை நீட்டினார்.

தபால்காரர் அவரைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "அம்மா, தபால்!" என்றார்.

"யோவ், நான் இங்கதானே நிக்கறேன்?"

மனைவி ஈரக் கையைத் துடைத்தபடி அவர் ஊடாகவே நடந்து வந்தாள். உறையை வாங்கிப் பெயரை இரண்டு தடவை படித்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை.

"பல் டாக்டரா? இந்த வீட்ல அப்படி யாரும் இல்லீங்களே, முத்திரை குத்தித் திருப்பி அனுப்பிடுங்க."