எலெக்ஷன் சேரின் ஊதா விரல்

தேர்தல் இல்லாத வருஷத்திலும் தேர்தல் நடத்தாமல் இருக்க முடியாத ஒரே மனிதர் இந்த நாட்டில் எங்கள் எலெக்ஷன் சேர்தான். பெல்மதுளைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் அவர் குடியியல் படிப்பித்தார், நான் கணக்கு. மழை வந்தால் ஜன்னலைச் சாத்தலாமா என்று அவருடைய எட்டாம் வகுப்பு வாக்களித்து முடிப்பதற்குள் பிள்ளைகள் உட்காரும் முன் வாங்கு நனைந்துவிடும். தோற்றவர்கள் மறுபடி எண்ணச் சொன்னால் அடுத்த வாங்கும் நனையும்.

ஜனாதிபதித் தேர்தல் நெருங்கியதும் பள்ளிக்கூட அதிபர் கும்பிடாத குறைதான். “சேர், லயத்துக்கு லயம், வூட்டுக்கு வூடு சண்டையா கெடக்கு. இப்ப போயி எலெக்ஷன் படிப்பிக்காதீங்க.”

“சண்ட இருக்கிறப்ப படிப்பிக்காம பெறகு எப்பங்க படிப்பிக்கிறது?”

இருந்தாலும் அதிபருக்காகக் கட்சிப் பெயர்களை விட்டுவிட்டு, வீட்டில் சுடும் ரொட்டியையும் பேக்கரிப் பாணையும் போட்டிக்கு நிறுத்தினார். பிள்ளைகள் தொண்டை கிழியப் பிரசாரம் செய்தார்கள். மறுநாளே தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் வந்து நின்றார்.

“சேர், ரொட்டின்னா எங்க ஆளுதானே? கருகிப்போச்சுன்னு புள்ளைங்க கத்துதாமே.”

“ரொட்டின்னா ரொட்டிதாங்க.”

“அப்ப பாண் யாரு?”

வியாழக்கிழமை வகுப்பில் வாக்கெடுப்பு. எல்லாம் அசல் மாதிரி இருக்க வேண்டுமென்று டிஸ்பென்சரியில் புண்ணுக்குப் போடும் ஊதா மருந்தை வாங்கி வந்து, இடது சுண்டு விரலில் மை வைத்தார். எப்படி வைப்பது என்று காட்ட, முதலில் தன் விரலில்.

சனிக்கிழமை அசல் தேர்தல், எங்கள் பள்ளி மண்டபத்திலேயே. அவருக்குப் பின்னால் நான் நின்றேன். வெளியூரிலிருந்து வந்த சிங்கள அதிகாரி அவர் விரலைப் பார்த்தார்.

“பே மாத்தயா,” என்றார். முடியாதாம். ஏற்கெனவே வாக்களித்தாயிற்றாம்.

ஒரு வாக்கையும் வீணாக்காதே என்று ஊருக்கெல்லாம் ஓதிய மனிதர். முகம் அப்படியே வற்றிவிட்டது. மருந்து, வகுப்பு, ரொட்டி என்று சிங்களத்தில் விளக்க விளக்க, அதிகாரிக்குச் சந்தேகம் கூடிக்கொண்டே போனது. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

நான் வெளியே ஓடினேன். பெற்றோருடன் வந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கேட் அருகே விளையாடிக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதுதான் தாமதம், அத்தனை பேரும் வாசலில் வரிசையாக நின்று சுண்டு விரலைத் தூக்கிக் காட்டினார்கள். அதிகாரி பார்த்தார். பாவம், பின்பக்கம் இருந்த கக்கூஸைக் கைகாட்டினார்.

“அதுக்கில்லீங்க சேர்,” என்று ஒருத்தி முன்னால் வந்தாள். “அப்பிட்டத் தியெனவா.” எங்களுக்கும் இருக்கிறது என்று சிங்களத்தில் சொல்லி, ஊதா விரலை அவர் மூக்கருகே நீட்டினாள்.

அவர் விரல்களைப் பார்த்தார், பட்டியலில் சேருடைய பெயர் வெட்டப்படாமல் இருப்பதைப் பார்த்தார், கடைசியில் சிரித்துவிட்டார். பக்கத்து விரலில் மை வைத்து அனுப்பினார்.

இரண்டு விரல் மையோடு சேர் வெளியே வந்தபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். தோட்டத் தலைவர் மெதுவாக நெருங்கினார்.

“ரொட்டிக்கா சேர், பாணுக்கா?”

“இன்னைக்கு வூட்ல சோறுங்க தலைவரே.”

அந்த மை எனக்குப் பிடிக்காது. தேர்தல் முடிந்ததும் சோப்புப் போட்டுத் தேய்ப்பேன். அந்த முறை தேய்க்க மனம் வரவில்லை.