பேருந்து நிலையத்துக்கு எதிரே ஓர் இயற்கைக் காட்சி

உலகத்தில் கண்ணுக்கு இனிய நகரங்கள் மூன்று. பாரிஸ் ஒன்று, வெனிஸ் ஒன்று. மூன்றாவது, பூதலூருக்கும் திருக்காட்டுப்பள்ளிக்கும் நடுவே உள்ள மேலவாய்க்கால்பேட்டை. முதல் இரண்டைப் பற்றி மாற்றுக் கருத்து இருக்கலாம் என்று அவ்வூர் 'நகர எழில் குழு' பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டிருந்தது.

குழுவின் செயலாளர் காதர் மைதீன், கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். ஊரில் எந்தக் கூட்டம் நடந்தாலும் மேடையில் போர்த்தும் பொன்னாடை அவர் கடையிலிருந்துதான் போகும். அதனாலேயே கலையுள்ளம் படைத்தவர் என்று பெயர். ஆனால் மனிதர் அழகை உண்மையாகவே ரசிப்பார். சாக்கடையோரம் பூத்த எருக்கம்பூவைக்கூட நின்று பார்த்துவிட்டுத்தான் போவார், மூக்கைப் பொத்திக்கொண்டு.

குழுத் தலைவர் துரைராசு. பஞ்சாயத்துக்கும் அவரே தலைவர். அவருக்குக் கலையார்வம் பிறந்த வரலாறு சுருக்கமானது. அரசாங்கம் நில உச்சவரம்பைக் குறைத்தது. மறு வாரமே பிறந்துவிட்டது. பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த அவருடைய ஐந்து மா வயல் ஒரே தீர்மானத்தில் 'இயற்கைக் காட்சி' ஆயிற்று. வயல் என்றால் உச்சவரம்புக் கணக்கில் வரும், காட்சி என்றால் வராது என்பது அவருடைய வக்கீலின் கலைக்கொள்கை. முள்கம்பி வேலி வந்தது. சிமெண்டு பெஞ்சு வந்தது. 'ரசிக்கவும், தொடாதீர்' என்று பலகையும் வந்தது.

ஒரே ஒரு குறை, காட்சிக்குள் பூவம்மாள் இருந்தாள். கணவன் காலத்திலிருந்து அந்த நிலத்தைக் குத்தகைக்குப் பயிர் செய்பவள். விளைச்சலில் அவள் பங்குதான் வீட்டுக்கு ஆண்டு முழுக்கச் சோறு. தை பிறந்து சம்பா முற்றியதும் பெண்களைக் கூட்டிக்கொண்டு அரிவாளோடு போனாள். காவலாளி பலகையைக் காட்டினான். அவள் நேரே குழுக் கூட்டத்துக்கு வந்துவிட்டாள்.

"அறுக்கணுங்க. கதிரு சாஞ்சு கெடக்கு. இன்னும் விட்டா எல்லாம் கொட்டிடும்."

"பெரிய அதிகாரி வந்து காட்சியைத் திறந்து வைக்கப் போறாரும்மா," என்றார் துரைராசு. "அவருக்கு அறுத்துப்போட்ட வெறும் தாளையா காட்டச் சொல்ற?"

"எப்பங்க வர்றாரு?"

"தேதி கேட்டிருக்கோம்."

"நீங்க தேதி கேட்டிருக்கிறது நெல்லுக்குத் தெரியாதுங்களே."

"நம்ம மக்களுக்கு ரசனை பத்தல," என்று துரைராசு வருந்தினார்.

ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர் சாரங்கபாணி இன்னும் ஆழமாகப் போனார். தீர்மானத்தில் 'பசுமை' என்று இருக்க, பயிர் தன்னிச்சையாக மஞ்சள் ஆனது எப்படி என்று கேட்டார். பயிரிடம் விளக்கம் கேட்பதா, பூவம்மாளிடம் கேட்பதா என்பதில் மாலை கழிந்தது. காதர் மைதீனுக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் "கொஞ்சம் பொறும்மா" என்பதற்கு மேல் வாய் வரவில்லை.

ஒருவழியாக அதிகாரி வந்தார், ரிப்பனை வெட்டினார், வயலைப் பார்த்தார். வயலுக்குள் பூவம்மாளும் பெண்களும் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். காவலாளி வரவேற்பு வளைவுக்குப் போயிருந்த நேரம், வாய்க்கால் வரப்பு வழியாக இறங்கிவிட்டிருந்தார்கள்.

"இது என்ன?" என்றார் அதிகாரி.

துரைராசுவின் முகம் கறுத்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் காதர் மைதீன் முந்திக்கொண்டார். "நிகழ்ச்சியில உள்ளதுதாங்கய்யா. அறுவடைக் காட்சி."

அதிகாரி கைதட்டினார். அதிகாரி தட்டும்போது துரைராசு தட்டாமல் இருக்க முடியுமா? தட்டினார். கடைசிக் கதிர் வரை அறுபட்டது. தூரத்தில் பூவம்மாள் காதர் மைதீனைப் பார்த்துக் கும்பிட்டாள். நல்ல காரியத்துக்குச் சொன்ன பொய் இவ்வளவு இனிக்குமா என்று அவருக்கே வியப்பாக இருந்தது.

பிறகு துரைராசு ஒலிபெருக்கி முன் வந்தார். பல தேர்தல் கண்டவர்.

"இந்த அம்மையாரைச் சிலர் குத்தகைக்காரர் என்கிறார்கள். இல்லை! செயலாளர் சொன்னதுபோல், இங்கே நடந்தது கலை நிகழ்ச்சி. 'அறுவடைச் செல்வி' என்ற பட்டத்தைப் பூவம்மாளுக்கு வழங்கி, இந்தப் பொன்னாடையைப் போர்த்துகிறேன்."

பலத்த கரவொலி. புகைப்படம். நகரின் எழில் அன்று உச்சத்தைத் தொட்டது. அதிகாரியின் ஜீப் கிளம்பியதும், நெற்கட்டுகள் 'கலைப்பொருள்' என்ற முறையில் பாதுகாப்புக்காகத் தலைவர் வீட்டுக் களத்துக்கு வண்டியேறின.

"எம் பங்குங்க?" என்று பூவம்மாள் வண்டிக்குக் குறுக்கே நின்றாள்.

"நடிச்சதுக்கு ஏதும்மா பங்கு?" என்றார் துரைராசு. "கலைக்கு விலை உண்டா? செயலாளரையே கேளு."

அவள் கேட்கத்தான் வந்தாள். கடையில் காதர் மைதீன் தலை நிமிராமல் துணி மடித்துக்கொண்டிருந்தார். பூவம்மாள் பொன்னாடையைக் கல்லாப்பெட்டி மேல் விரித்துவைத்தாள்.

"உங்க கடைச் சரக்குதானே பாய்?"

"ஆமாம்மா."

"பார்க்க நல்லாத்தான் இருக்கு," என்று ஜரிகையைத் தடவிப் பார்த்தாள். "இதை எத்தனை கொதியில வடிக்கணும்?"